செயலாளர் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

தலைவி அவர்களுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடித்து வைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். மதுரை செல்லூரில் வீட்டிலிருந்தே தைக்கும் நம் பெண்கள் சங்கத்தின் ஆண்டறிக்கையை வாசிக்கிறேன். போன வருஷ அறிக்கை நீளம் என்று குறை சொன்னீர்கள். இந்த வருஷமும் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருஷத் தொடக்கத்தில் 34 பேர் இருந்தோம், இப்போது 41. புதிதாக வந்தவர்களில் நான்கு பேர் ஏற்றுமதி கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்து, பிள்ளை பிறந்ததும் நின்றவர்கள். அவர்களுடைய கை வேகம் நமக்கு வராது. ஆனால் அதில் ஒரு தங்கை ஆறு வருஷமும் காலர் மட்டுமே தைத்தவள். முழு ரவிக்கையை வெட்டச் சொன்னதும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டாள். பழைய வேட்டித் துணியில் மூன்று தடவை வெட்டிப் பழகினாள், இப்போது தன் மாமியாருக்கே தைத்துக் கொடுக்கிறாள். மாமியாரைவிடக் கண்டிப்பான வாடிக்கையாளர் வேறு யார்? மாதக் கூட்டம் பத்து நடந்தது. தீபாவளி மாதமும் தை முகூர்த்த மாதமும் கூட்டம் இல்லை. ஏன் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

முதல் வேலையே திருவிழா வேலை. ஏப்ரல் 23 அன்று அழகர் ஆற்றில் இறங்கினார். திரி எடுப்பவர்களும் தண்ணீர் பீய்ச்சுபவர்களும் உடுத்தும் சல்லடம் என்ற அரைக்கால்சட்டை, இடுப்புக் கச்சை, தலை உருமால் எல்லாம் வழிவழியாக மீனாட்சி கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்து டெய்லர்கள் கைவேலை. கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் அதுதான் நிலைமை. கடைசி இரண்டு வாரம் அவர்களுக்குக் கை போதவில்லை. அவர்களில் ஒரு டெய்லர் பாய், சல்லடத்துக்குச் சரிகை நாடா ஓட்டும் வேலையை நமக்குக் கொடுத்தார். "சாமி உடுப்பும்மா, கோணல் வந்தா பிரிச்சிருவேன்" என்று முதலிலேயே சொன்னார். சொன்னபடி இரண்டு உருப்படியைப் பிரித்தும் விட்டார். அவர் பிரித்தது நியாயம்தான். சாட்டின் துணி வழுக்கும். நூல் டென்ஷனைப் பருத்தித் துணிக்கு வைக்கிற மாதிரியே இறுக்கி வைத்ததால் நாடா சுருங்கிக்கொண்டது. டென்ஷனைத் தளர்த்தி, மெல்லிய ஊசி போட்டுத் தைத்த பிறகு ஒன்றும் திரும்பி வரவில்லை.

ஆடியில் வழக்கம்போல மிஷின் தூசி படிந்தது. அந்த மாதத்தில்தான் நம் வீட்டுத் துணியைத் தைக்க நேரம் கிடைக்கிறது: பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை, தலையணை உறை, மிச்சத் துணியில் கால்மிதி. ஊருக்கெல்லாம் தைக்கிறவள் வீட்டில் கிழிந்த நைட்டி என்று நம் வீட்டுக்காரர்கள் கேலி செய்வதும் அந்த மாதத்தில்தான் கொஞ்சம் ஓய்கிறது.

இனி தீபாவளி. மறைக்காமல் சொல்கிறேன், இந்த வருஷத்தின் பெரிய தப்பு செயலாளருடையது. ஒரு வாடிக்கையாளர் பட்டுச் சேலையோடு வந்த ரவிக்கைத் துணியைக் கொடுத்திருந்தார். பார்டர் கைக்கு மட்டும்தான் போதும். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால், ராத்திரி பதினொரு மணிக்கு, துணியை மடிக்காமல் ஒற்றையாகப் போட்டு ஒரு கையை வெட்டினேன். அதே பேப்பர் பேட்டர்னைத் திருப்பிப் போடாமல் அடுத்த கையையும் வெட்டினேன். இரண்டும் இடது கை. முன்பக்கக் குழிவு பின்பக்கம் போய்விட்டது. அப்படியே தைத்தால் கையைத் தூக்கும்போது முதுகு பிடிக்கும். வேறு துணி கிடையாது. பொருளாளர் அக்காவை எழுப்பினேன். அவர் திட்டவில்லை, மிச்சத் துண்டுகளைத் தரையில் பரப்பிப் பார்த்தார். அக்குளில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு ஒட்டுப் போட்டு, குழிவை நிரப்பித் தைத்தோம். கையைத் தூக்கினால்கூட உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆனாலும் வாடிக்கையாளரிடம் காட்டிச் சொல்லித்தான் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. அதற்குப் பிறகு நாம் எடுத்த முடிவு உங்களுக்குத் தெரியும்: பட்டுத் துணியை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் யாரும் வெட்டுவதில்லை, தைக்கலாம்.

கூலிப் பேச்சு. ஜூலைக் கூட்டத்தில் சாதா ரவிக்கைக்கு 150, லைனிங் வைத்தால் 300 என்று எல்லோருமாகப் பேசி முடிவெடுத்தோம். லைனிங் துணி, கொக்கி, நூல், ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைப்பது) செலவைக் கழித்தால் கையில் நிற்பது எவ்வளவு என்று அன்றைக்கு ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்தோம், சிலர் முகம் வாடிப்போனது. "வீட்டில சும்மாதானே இருக்க, கடை வாடகையா, கரண்டா?" என்று கேட்கிறவர்களுக்கு இனி அந்தப் பேப்பரைத்தான் காட்ட வேண்டும். ஆனால் இரண்டு மூன்று பேர் பக்கத்து வீடு, சொந்தக்காரர் என்று லைனிங் ரவிக்கையையே 200-க்கு இறங்கித் தைத்திருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். சொந்தத்துக்குச் சும்மா தைத்துக் கொடுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் குறைத்துக் கூலி வாங்காதீர்கள். தெரு முழுக்க அதுதான் ரேட் என்று ஆகிவிடுகிறது.

கல்யாணத் தாம்பூலத்துக்குச் சுருக்குப்பையும் துணிப்பையும் நிறையக் கேட்கிறார்கள். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று அரசே இயக்கம் நடத்தியது. அதிலிருந்தே இந்த வேலை கூடிவருகிறது. இதில் ஒரு விவகாரம். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சுங்குடியின் பெருமையே நகத்தால் துணியைக் கிள்ளி முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பதுதான். முடிச்சை அவிழ்த்தால் புள்ளி வட்டமாக, உள்ளே துளி நிறத்தோடு, துணியும் லேசாக உப்பலாக இருக்கும். நாம் வாங்குவது பெரும்பாலும் அச்சடித்த துணி. அதில் தைத்த பையைக் கைமுடிச்சுச் சுங்குடி என்று ஒரு உறுப்பினர் சொல்லி விற்றுவிட்டார். கேட்டதும் திருத்திக்கொண்டார், சரி. அச்சு என்றால் அச்சு என்றே சொல்வோம், விலையும் அதற்குத் தக்கபடி. அப்புறம், வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து அலச மறக்காதீர்கள். சாயம் இறங்கி வெள்ளை லைனிங் ரோஸாகிப் போன கதை ஒன்று போதும்.

தையல் தொழிலாளர் நல வாரியத்தில் இந்த ஆண்டு 12 பேர் பதிவு செய்தார்கள். இன்னும் சிலரை ஒரு அலுவலகத்தில், "கடை இல்லையே, வீட்டில் தைப்பது தொழிலா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கூப்பிடுங்கள், நானும் உடன் வருகிறேன். ஆர்டர் நோட்டைக் கையோடு எடுத்து வாருங்கள். 2025 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையலும் உண்டு. 35 வயது ஆனவர்கள் கேட்கலாம். கடனில் 25 சதவீதம், 50,000 ரூபாய்க்கு மிகாமல், மானியம். பவர் மிஷின் வாங்க நினைப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். கடன் கடன்தான், மாதத் தவணையைக் கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார். ஏழு பேர் சந்தா பாக்கி.

கடைசியாக ஓவர்லாக் மிஷின். பொதுவில் வாங்கியது, தலைவி வீட்டு முன்னறையில் இருக்கிறது. எடுத்தவர்கள் நோட்டில் நேரம் எழுதுவதில்லை, எண்ணெய் விடுவதில்லை, ஊசி உடைந்தால் அப்படியே மூடிவைத்துவிட்டுப் போகிறார்கள். புது ஊசிப் பாக்கெட் டிராயரில் வைத்திருக்கிறேன். மிஷின் அறைச் சாவி போன செவ்வாய்க்கிழமையிலிருந்து காணவில்லை. யார் முந்தானையில் முடிந்துகொண்டு போனீர்களோ, போவதற்கு முன் மேஜையில் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்