நாய்க்கு மட்டும் இல்லாத பிள்ளைப் பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி வந்த கட்டுரையில், நாயையும் பூனையையும் 'எங்க பிள்ளை' என்று சொல்வது வெளிநாட்டைப் பார்த்து நகரத்து மக்கள் பழகிக்கொண்டது என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. மற்றபடி நல்ல கட்டுரை. அந்த ஒரு வரியோடுதான் எனக்கு வழக்கு.

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் பிள்ளை என்ற சொல்லை மனிதக் குழந்தைக்கென்று யாரும் ஒதுக்கி வைத்ததில்லை. கிளிப்பிள்ளை, அணில்பிள்ளை, கீரிப்பிள்ளை எல்லாம் அன்றாடப் பேச்சு. கிழட்டுக் கீரி குறுக்கே ஓடினாலும் அது கீரிப்பிள்ளைதான். நாற்றுப் பண்ணையில் போய் நின்றால் "எத்தனை பிள்ளை வேணும்?" என்று கேட்பார்கள், தென்னங்கன்றைச் சொல்கிறார்கள். ஆள் பெயருக்குப் பின்னால் வருகிற பிள்ளை தனிக்கதை. அதற்குள் நான் போகவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை, சுந்தரனார் ஆகிவிட்டார்.

இதெல்லாம் நேற்று வந்த பழக்கமும் இல்லை. தொல்காப்பியத்துப் பொருளதிகாரத்தின் கடைசி இயலான மரபியல், இளமைப் பெயர்களோடுதான் தொடங்குகிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது. எதை எதற்குச் சொல்லலாம் என்று தொல்காப்பியர் பிரித்துப் பிரித்துச் சொல்கிறார். 'பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை' என்பதால் கிளிப்பிள்ளைக்கு வில்லங்கமே இல்லை. ஓரறிவு உயிரான மரம் செடிக்கும் பிள்ளை என்று சொல்லலாம் என்கிறார், தென்னம்பிள்ளையும் பிழைத்தது. ஆனால் நெல்லுக்கும் புல்லுக்கும் அது ஆகாதாம்.

வேடிக்கை இனிமேல்தான். நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டிக்கும் குருளை என்று பெயர், நரிக்கும் அப்படியே. குட்டி, பறழ் என்றாலும் சரி. அப்புறம் வருகிறது: 'பிள்ளைப் பெயரும் பிழைப்பு ஆண்டு இல்லை, கொள்ளும் காலை நாய் அலங்கடையே.' அதாவது இவற்றைப் பிள்ளை என்றும் சொல்லலாம், நாய் ஒன்றைத் தவிர! பன்றிக்கு உண்டு, புலிக்கு உண்டு, வாசலில் காவல் கிடக்கிற நாய்க்கு இல்லை. காரணம் நூற்பாவில் இல்லை. மரபு என்பது ஊர் பேசுகிற பேச்சு. அன்றைக்கு யாரும் நாய்ப்பிள்ளை என்று சொல்லவில்லை, அவர் அதை அப்படியே எழுதி வைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்றும் யாரும் சொல்வதில்லை. நாய்க்குட்டிதான்.

இதற்கு நேர்மாறாக, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் தெலுங்கு பேசுகிற வீடுகளைப் பாருங்கள். நம் 'பிள்ளை' என்ற சொல்லுக்குத் தெலுங்கில் உறவான சொல் 'பில்ல'. அவர்களுக்கு நாய்க்குட்டி 'குக்கப்பில்ல', கோழிக்குஞ்சு 'கோடிப்பில்ல'. பூனைக்கு 'பில்லி' என்று பெயர் இருப்பதால் பூனைக்குட்டி 'பில்லிப்பில்ல' ஆகிறது. தொல்காப்பியரின் தடை அந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை.

ஆக, சொல் நம்முடையது, பழையது. நாயை அதற்குள் சேர்த்துக்கொண்டதுதான் புதிது. இதுவும் நகரத்து மக்களோடு நிற்கவில்லை. கால்நடை மருத்துவமனைத் திண்ணையில் ஒருநாள் பார்த்தேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா, "பிள்ளை ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டுக்கு மருந்து வாங்க வந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். துண்டுக்குள்ளிருந்து செவலை நிறத்தில் ஒரு காது நீட்டியது. "நானும் பேரப்பிள்ளைன்னுல்லா நெனச்சேன்" என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "பேரப்பிள்ளை மெட்ராஸ்ல இருக்கு. இதுதான் நம்மகூட இருக்கு" என்றார். அவர் எந்த வெளிநாட்டைப் பார்த்து இந்தச் சொல்லைப் பழகியிருப்பார் என்பதைக் கட்டுரையாளரின் யோசனைக்கே விடுகிறேன்.

இன்னொன்று. கட்டுரைக்கு நீங்கள் போட்டிருந்த படத்தில் கம்பிக்கூண்டுக்குள் ஒரு பச்சைக்கிளி இருந்தது. கிளிப்பிள்ளை என்று எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பது குற்றம். பலருக்கு இது தெரியாது. பத்திரிகையில் படம் வந்தால் கூடும்போல என்று நினைத்துக்கொள்வார்கள். அடுத்த இதழில் இரண்டு வரி போட்டுத் தெளிவுபடுத்தினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை