வெப்சைட் நம்மளுது, பேரு யார் பேர்ல இருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

சின்ன வியாபாரிங்க எல்லாம் ஆன்லைனுக்கு வாங்கன்னு உங்க பேப்பர்ல அடிக்கடி எழுதறீங்க, நல்ல விஷயம்தான், ஆனா வந்தப்புறம் எங்க போய் மாட்டிக்கறாங்கன்னு யாரும் எழுதக் காணோம், அதுக்குத்தான் இந்த லெட்டர். பவானில டிடிபி கடை வெச்சிருக்கேன். பில் புக் அடிக்க வர்ற ஜமக்காளக் கடைக்காரங்க இந்தக் கதையெல்லாம் எங்கிட்டதான் கொட்டுவாங்க.

அதுல ஒருத்தரு வெளியூர் கம்பெனி ஒண்ணுகிட்ட குடுத்து வெப்சைட் போட்டாரு. மொத வருஷம் சல்லிசான ரேட்டு, அடுத்த வருஷம் ரினியூவலுக்கு 15,000 கேட்டிருக்காங்க. சரி நான் வேற ஆளு பாத்துக்கறேன், பேர மட்டும் விட்டுக் குடுங்கன்னா, அந்த டொமைனையே, அதாவது வெப்சைட்டோட அட்ரஸ் பேரையே, கம்பெனிக்காரங்க அவங்க மெயில் ஐடில வாங்கி வெச்சிருக்காங்க! கடை போர்டு, கட்டப்பை, விசிட்டிங் கார்டுன்னு எல்லாத்துலயும் அச்சடிச்ச பேரு. வீடு கட்டினது நாம, பத்திரம் அடுத்தவன் பேர்லங்கற கதைதான்.

டாட் இன் டொமைன் வருஷத்துக்கு ஆயிரம் ரூவா சுமாருக்குத்தாங்க வரும். அத நம்ம மெயில், நம்ம போன் நம்பர் போட்டு நாமளே வாங்கிட்டு, டிசைன் பண்ற ஆளுக்கு வேலை செய்யறதுக்கு மட்டும் பர்மிஷன் குடுத்தா போதும். பின்னாடி டொமைன வேற கம்பெனிக்கு மாத்தணும்னா ஆத் கோடுன்னு ஒரு ரகசியக் குறியீடு கேப்பாங்க, லாகின் யாருகிட்டயோ அவங்களாலதான் அத எடுக்க முடியும். ரினியூவல் தேதிய காலண்டர்லயே குறிச்சு வெச்சுக்கங்க, டாட் காம்னா கெடு முடிஞ்சாலும் கொஞ்ச நாள் தவணை உண்டு, அப்புறம் மீட்கறதுக்குத் தனியா தண்டம் அழுவணும், அதையும் விட்டா யாரு வேணா வாங்கிக்கலாம்.

கூகுள் மேப்புல கடைய ஏத்தறதும் இதே மாதிரிதான். அது சுத்தமா ஃப்ரீ. கூகுள்ல இருந்து பேசறோம், வெரிஃபிகேஷன் சார்ஜ் கட்டுங்கன்னு எவனாவது போன் பண்ணா வெச்சுருங்க. அதுல ஓனர், மேனேஜர்னு ரெண்டு விதமா ஆள் சேக்கலாம், ஓனர் நீங்க, மேனேஜர் உங்களுக்கு வேலை பாக்கற டிசைன்காரங்க.

இன்ஸ்டா இருக்கறப்ப வெப்சைட் எதுக்குங்கறாங்க சில பேரு. 2020 ஜூன்ல டிக்டாக்க தடை பண்ணப்ப அத மட்டும் நம்பி வித்தவங்க கஸ்டமர் மொத்தமும் ஒரே ராத்திரில போச்சு. கூகுளே கடைக்காரங்களுக்கு ஃப்ரீயா குடுத்த குட்டி வெப்சைட்ட 2024 மார்ச்ல மூடிட்டாங்க. ரீல்ஸ் போடுங்க, வேண்டாங்கல, ஆனா ஆளு வந்து சேர்ற இடம் நம்மளுதா இருக்கணும்.

அந்த இடத்துலயும், அதான் வெப்சைட்டுல, என்ன இருக்குன்னு பாருங்க. தொறந்தா வெல்கம்னு ஒண்ணு ஓடும், கோட்டு போட்ட வெள்ளக்காரங்க ரெண்டு பேரு கை குலுக்குவாங்க, ஜமக்காளத்தக் காணோம். போன் நம்பர படமா வெச்சிருப்பாங்க, தொட்டா கால் போகாது. போன்ல எடுத்த 4 எம்பி போட்டோ முப்பது நாப்பத அப்படியே ஏத்தி வெச்சா பஸ்ல வர்றவனுக்கு எங்க தொறக்கும், ஒவ்வொண்ணையும் 200 கேபிக்கு சுருக்கினாலும் பளிச்சுன்னுதான் தெரியும். ஜன்னல் வெளிச்சத்துல தரையில விரிச்சு, ஒரு மூலைய மடிச்சு பின்பக்கமும் தெரியற மாதிரி எடுங்க, கைத்தறியா பவர்லூமான்னு தெரிஞ்சவன் அதத்தான் பாப்பான். நீளம் அகலம் எத்தனை அடி, பருத்தியா பட்டுநூலா, துவைச்சா சாயம் போகுமா, இதெல்லாம் எழுத்தா இருக்கணும், படத்துக்குள்ள இல்ல. தேடறவங்க தமிழ்லயும் தேடறாங்க, இங்கிலீஷ் எழுத்துல ஜமக்காளம்னு அடிச்சும் தேடறாங்க, அதனால ரெண்டும் பக்கத்துல வேணும். அப்புறம் இந்த ‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க’ங்கற பழக்கம், அத தயவுசெஞ்சு விடுங்க சாமி. விலை போடாத கடைய தாண்டிப் போக ஒரு செகண்ட் ஆகாது.

ஆசிரியருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்க வரி விளம்பரத்துலயே ‘2,999 ரூபாயில் வெப்சைட்’னு வாரா வாரம் வருது. டொமைன் யார் பேர்ல பதிவாகும், ரெண்டாவது வருஷ ரினியூவல் எவ்வளவு, இந்த ரெண்டையும் எழுதினாத்தான் அந்த விளம்பரத்த எடுத்துக்குவோம்னு உங்க விளம்பரப் பிரிவுல சொல்ல முடியுமாங்க?

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரர், பவானி