6174 பற்றி ராமுவுக்கு

அன்புள்ள ராமு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்கு விட்டுக்கொள். இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கொஞ்ச நாளாக 6174 என்ற எண் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் பிறந்த 1958ஐயே எடுத்துக்கொள். இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 9851, திருப்பிப் போட்டால் 1589. கழித்தால் 8262. அதையும் அப்படியே செய்: 8622லிருந்து 2268 போக 6354. அடுத்து 3087, அப்புறம் 8352, அதற்கடுத்து 6174. இனி நகராது, 7641லிருந்து 1467ஐக் கழித்தாலும் அதே 6174தான். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த எண்ணில் தொடங்கினாலும், ஏழு படிகளுக்குள் இங்கேதான் வந்து நிற்கும். நடுவில் 999 வந்தால் 0999 என்று எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் இருந்த பள்ளி ஆசிரியர் கப்ரேக்கர். முதுகலைப் பட்டம்கூட இல்லாதவர். 1949இல் நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் இதை முதலில் அறிவித்தார் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். 1975இல் கணிதப் புதிர்களைப் பற்றி எழுதிவந்த அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அதற்குள் அவருக்கு எழுபது வயது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்பதை நாமே கையால் சரிபார்த்துவிடலாம், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மிகப் பெரிய இலக்கத்துக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தை 999ஆல் பெருக்கு. நடு இரண்டின் வித்தியாசத்தை 90ஆல் பெருக்கு. இரண்டையும் கூட்டினால் கழித்தலின் விடை. 7641க்கு 6, 2 என்ற வித்தியாசங்கள். 5994ம் 180ம் சேர்ந்து 6174. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம், இரண்டாவது அதை மிஞ்ச முடியாது. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 54 ஜோடிகள்தான். அதாவது ஆயிரக்கணக்கான எண்களும் முதல் கழித்தலிலேயே 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த 54ஐயும் ஒரு மத்தியானத்தில் போட்டுப் பார்த்துவிடலாம், கம்ப்யூட்டர் வேண்டாம்.

இன்னொன்று. 6174இன் இலக்கங்களைக் கூட்டினால் 18. 6174ஐ 18ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 343, அதாவது 7இன் கனம். இனி 18, 18இன் வர்க்கம் 324, 18இன் கனம் 5832, இந்த மூன்றை மட்டும் கூட்டு. அதுவும் 6174! கழித்தல் விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை, ஆனாலும் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

உன் பேத்திக்கு மூன்று இலக்கமும் ஒன்றாக இல்லாத ஒரு மூன்று இலக்க எண் கொடு. அங்கே 495இல் நிற்கும், முன்கூட்டியே சொல்லிவிடாதே. விடையின் நடுவில் எப்போதும் 9 வருவதை அவளே கவனிக்கிறாளா பார். ஐந்து இலக்கம் கேட்டாளானால், அங்கே நிற்கும் எண்ணே கிடையாது, சில எண்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று சொல். ஏன் என்று கேட்டால் எனக்கு போன் போடச் சொல்.

அன்புடன்,
மணி