அணை நீர்மட்டத்தோடு மண்டபத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த சுற்றுச்சூழல் கலை பற்றிய கட்டுரையை ஆசையாகத்தான் படித்தேன். ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் 2018இல் கிரீன்லாந்துப் பனிப்பாளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து, கரையக் கரைய ஜனங்களைத் தொட்டுப் பார்க்க விட்டார். மைக்கேல் பின்ஸ்கி என்ற இன்னொரு கலைஞர் டெல்லி, பெய்ஜிங் நகரங்களின் மாசுக் காற்றைப் போலவே கூடாரங்களுக்குள் உண்டாக்கி, அதற்குள் நடக்க வைத்தார். எண்ணுக்கு அசையாத மனசு மூச்சு முட்டினால் அசையும். சரி. ஆனால் கடைசியில், "நம் ஊர்களுக்கு இதெல்லாம் புதிது" என்று ஒரு வரி எழுதிவிட்டீர்களே!

குறுக்குத்துறை உங்களுக்குத் தெரியாததா? நம் தாமிரபரணி ஆற்றுக்குள் இருக்கிற முருகன் கோயில் அது. வெள்ளம் ஏறினால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். அதைக் கேட்டு, எந்த எண்ணும் இல்லாமலே ஊர் சுதாரித்துக்கொள்ளும்.

2023 டிசம்பர் 17 அன்று என் செல்போனில், வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று தகவல் வந்துகொண்டே இருந்தது. பி.காம். படித்த எனக்கு, அது எங்கள் வாசலில் எத்தனை படி என்று தெரியவில்லை. ஆற்றுக்குள் நிற்கிற தைப்பூச மண்டபம்தான் எங்கள் ஆச்சிக்கு அளவுகோல். "ஏல, தைப்பூச மண்டபமே முங்கிட்டாம்லா, இன்னும் செல்லையே பாத்துக்கிட்டிருக்கே!" என்று ஆச்சி சத்தம் போட்ட பிறகுதான் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினோம். அந்தச் சேற்றுக் கோடு இன்னும் சுவரில் இருக்கிறது, காலண்டர் ஆணிக்கு ஒரு சாண் கீழே. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் ஆச்சி தொடவிடவில்லை. 1992 வெள்ளம் எதுவரை வந்தது என்றும் அதே சுவரில் கை வைத்துக் காட்டுவாள்.

2018இல் தாமிரபரணியில் நடந்த புஷ்கர நீராடல் விழாவுக்குப் பக்கம் பக்கமாகப் படம் போட்டீர்கள். அதே ஆற்றில் சாக்கடை கலப்பதைப் பற்றி நான் இரண்டு கடிதம் எழுதினேன், ஒன்றும் வரவில்லை. இன்றைக்கும் படித்துறையில் இறங்கினால் யாரோ விட்டுப்போன பழைய வேட்டி காலைச் சுற்றுகிறது. இருபது வருஷமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் என்பதால்தான் இவ்வளவு மனத்தாங்கல்.

கேட்பது ஒன்றுதான். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் போடுகிற கட்டத்துக்குக் கீழே, தைப்பூச மண்டபத்தில் இன்று தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று ஒரு வரி சேருங்கள். மழைக்காலத்தில் மட்டுமாவது போடுங்கள். உங்கள் நிருபர்கள் தினமும் ஆற்றுப் பாலத்தைக் கடக்கிறவர்கள்தானே.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சிந்துபூந்துறை, திருநெல்வேலி.