எண்ணுவது வேறு, பின்தொடர்வது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூங்கா, நூலகம், ரயில் நிலையம் போன்ற பொது இடங்களில் கூட்டத்தைச் சென்சார் மூலம் அளப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நெரிசலைத் தடுக்க எல்லாமே வேண்டும் என்று, எல்லா வகைச் சென்சாரையும் அது ஒரே தராசில் நிறுத்துகிறது. அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் வாசலில் உட்கார்ந்து ஆள் எண்ணியிருக்கிறேன். ஒருவர் நுழையும்போது கட்டைவிரலால் ஓர் அழுத்து. கையிலுள்ள கருவியில் ஓர் எண் கூடும். வந்தவர் யார், எந்த நூலைத் தேடினார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையை ஆள் மறைக்கும்போது எண்ணும், கதவோரம் பொருத்தும் அகச்சிவப்புச் சென்சாரும் இதே இனம்தான். இருவர் தோளோடு தோள் உரசி நுழைந்தால் அது ஒருவராக எண்ணிவிடும். பேச்சு சுவாரசியத்தில் நானும் அப்படி விட்டிருக்கிறேன். மெல்போர்ன் நகரம் 2009 முதல் நடைபாதைகளில் போவோரைச் சென்சார் வைத்து எண்ணி, மணிவாரிக் கணக்கை எவரும் பார்க்கும்படி வெளியிட்டு வருகிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கைப்பேசியை வைத்து எண்ணுவது வேறு இனம். கைப்பேசி அக்கம்பக்கத்து வைஃபையைத் தேடி அடிக்கடி குரல் கொடுக்கும். முன்பெல்லாம் அதில் அதன் மாறாத அடையாள எண்ணும் கலந்திருந்தது. 2013இல் லண்டனில் குப்பைத்தொட்டிகளுக்குள் இருந்த கருவிகள், கடந்து போனவர்களின் கைப்பேசிகளை இப்படிக் குறித்துக்கொண்டன. விஷயம் வெளியே வந்ததும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. நேற்றும் நான் இதே வழியில் வந்தேன் என்பது குப்பைத்தொட்டிக்கு எதற்கு? அதன் பிறகு கைப்பேசிகளே அந்த எண்ணை மாற்றி மாற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டன. ஆகவே ஒரு கைப்பேசி பலராகத் தெரியலாம்; கைப்பேசி இல்லாத குழந்தை கணக்கிலேயே வராது. அந்தரங்கத்தையும் பறிகொடுத்து, கணக்கும் தப்பாகும் ஏற்பாடு இது.

நெரிசலைத் தடுக்க இதெல்லாம் வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். நெரிசலைக் கணிக்க வேண்டியது ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான். ஐந்தாறு பேரைத் தாண்டினால், ஒதுங்க நினைத்தாலும் கால் நம் வசம் இருக்காது. தென் கொரியத் தலைநகர் சியோலின் இதேவோன் பகுதிச் சந்து ஒன்றில் 2022 அக்டோபர் 29 இரவு 10 மணிக்குப் பிறகு நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் நசுங்கி மாண்டார்கள். கூட்டம் அபாயமாக இருக்கிறது என்று மாலை 6.34க்கே ஒருவர் போலீசை அழைத்துச் சொல்லியிருந்தார். தகவலுக்கு அங்கே பஞ்சமில்லை. கேட்டதும் போய்ச் சந்தின் வாயை அடைக்கத்தான் ஆள் இல்லை.

எனவே சென்சார் வைப்பவர்கள் பக்கத்தில் ஒரு பலகையும் வைக்கட்டும். கருவி எதை எண்ணுகிறது, அந்தக் கணக்கு எத்தனை நாள் இருக்கும், எண்ணிக்கை எல்லை மீறினால் வரப்போகும் அதிகாரி யார் என்று அதில் எழுதட்டும். மூன்றாவது வரிக்கு ஒரு பதவிப் பெயர் அகப்படும் வரை கருவி வாங்குவதைத் தள்ளிப் போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகப் பணியாளர் ஒருவர்