அணு ஆயுத அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளின் ஆட்சியாளர்களுக்கு,

வணக்கம். அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு செயற்கை நுண்ணறிவிடம் போகாது, மனிதரிடமே இருக்கும் என்று 2024 நவம்பரில் லிமா நகரில் அன்றைய அமெரிக்க அதிபர் பைடனும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் ஒப்புக்கொண்டார்கள். நல்லது. ஆனால் எப்படிப்பட்ட மனிதர், அவருக்கு எத்தனை நிமிடம்?

1983 செப்டம்பர் 26, நள்ளிரவு கடந்த நேரம். மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற சோவியத் கண்காணிப்பு நிலையத்தில், அமெரிக்காவிலிருந்து ஏவுகணை ஒன்று கிளம்பிவிட்டதாகச் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை வருகிறது. அடுத்து இன்னும் நான்கு. 269 பேருடன் சென்ற கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் படை சுட்டு வீழ்த்தி நான்கு வாரம்கூட ஆகவில்லை. இரு தரப்பும் கொதித்துக்கொண்டிருந்தன. பணியில் இருந்த லெப்டினன்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ், இது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார்.

அவரை மாவீரர் என்று புகழ்ந்துவிட்டு நகர்வது சுலபம். அவர் போட்ட கணக்கைப் பாருங்கள். போர் தொடுக்கிறவன் ஐந்து ஏவுகணையோடு நிறுத்துவானா? தரை ரேடாரில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? செயற்கைக்கோள் அமைப்போ புதிது. பொறியியல் பயிற்சி பெற்ற அவருக்கு அதன் மீது முழு நம்பிக்கை இல்லை. உயரத்து மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை ஏவுகணை நெருப்பு என்று அது எண்ணிவிட்டது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் தமக்கு இருந்த உறுதி பாதிக்குப் பாதிதான் என்று பெத்ரோவே பின்னாளில் சொன்னார். இதற்கு அவர் பெற்றது, பணிக் குறிப்பேட்டை எழுதவில்லை என்ற கண்டிப்பு! ஒரு கையில் தொலைபேசி, மறுகையில் ஒலிவாங்கி. எழுத மூன்றாவது கைக்கு எங்கே போவது என்று கேட்டாராம்.

1962 அக்டோபர் 27 அன்று கியூபா அருகே பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலில் நடந்ததும் இதே வகைதான். மேலே அமெரிக்கக் கப்பல்கள் குண்டு போட, மாஸ்கோவுடன் தொடர்பற்ற தளபதி அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார். அவரைத் தணிக்க, ஏறக்குறைய அவருக்கு நிகரான அதிகாரம் கொண்ட வாசிலி அர்கிபோவ் அதே கப்பலில் இருந்தார்.

டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் தனியாக ஒரு சொல். 2022 மார்ச் 9 அன்று இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானில் மியான் சன்னு அருகே விழுந்தது. பாகிஸ்தான் பதிலடி கொடுக்கவில்லை. டெல்லி அதை ஒப்புக்கொண்டது இரண்டு நாள் கழித்து. அண்டை நாடுகளுக்கு இரண்டு நாள் என்பது மிக நீண்ட நேரம்.

எனவே, எச்சரிக்கை வந்த மாத்திரத்தில் ஏவும் ஏற்பாட்டைக் கைவிடுங்கள். தவறுதலாக ஏவினால் அந்த நிமிடமே எதிர்த்தரப்புக்குச் சொல்லும் கடமையை ஒப்பந்தமாக்குங்கள். இயந்திரத்தைச் சந்தேகிக்கும் அதிகாரி தண்டிக்கப்பட மாட்டார் என்று பணிவிதியில் எழுதுங்கள். எச்சரிக்கையைச் சரிபார்க்க அவருக்கு எவ்வளவு நேரம் தருகிறீர்கள் என்பதையும் உங்கள் நாடாளுமன்றங்களில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்