வியாழக்கிழமை ஸ்லைடு வகுப்பை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள்

எங்கள் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் தோல் நோய்த் துறைத் தலைவர் அவர்களுக்கும், துறையின் முதுநிலை மாணவர்கள் சார்பில் வணக்கம்.

இம்மாதப் பணிப் பட்டியலில், நோயியல் துறையினரோடு தோல் திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கற்கும் வியாழக்கிழமை பிற்பகல் ஸ்லைடு வகுப்புக்கு உரிய கட்டத்தில் 'லேசர் அறை' என்று எழுதப்பட்டிருக்கிறது. காரணம் கேட்டோம்; பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பெற நோயியல் துறைக்கு நாங்கள் எவ்வளவு நடந்தோம் என்பது தாங்கள் அறியாததல்ல.

மூன்றாண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு இரண்டே இடங்கள் கொண்ட சிறிய துறை நம்முடையது. மூன்று மாத மாவட்ட மருத்துவமனைப் பணிக்கு இருவர் சென்றுவிட்டால் எஞ்சுவது நால்வர். வேலைப் பளுவைப் பற்றி நாங்கள் முறையிட வரவில்லை. படர்தாமரை, சொரியாசிஸ், கடையில் தானாக வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு களிம்பால் அடையாளமே மாறிப்போன முகங்கள் என்று ஓ.பி.யில் கற்க வேண்டியது கொட்டிக் கிடக்கிறது. ஆனால், கண்ணால் கண்டு நாங்கள் ஊகித்தது சரிதானா என்று திசுவில் பார்த்துத் தெரிந்துகொள்ள அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர வேறு வழியில்லை. நான்கு மில்லிமீட்டர் 'பஞ்ச்' கருவியால் தோல் திசுவை வெட்டிப் பயாப்ஸி எடுத்து, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் குப்பியில் இட்டு, சீட்டு எழுதி அனுப்புவது நாங்கள். திரும்பி வருவது ஒரு வரி அறிக்கை மட்டுமே.

கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர், முன்கையில் வெளிறிய தேமலோடு வந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொட்டால் தெரிகிறது என்று ஒரு முறையும் தெரியவில்லை என்று மறுமுறையும் சொன்னார். 'நாள்பட்ட அழற்சி, குறிப்பிட்டுச் சொல்ல ஏதுமில்லை' என்று அறிக்கை வந்தது. அதே ஸ்லைடை வியாழக்கிழமை வகுப்பில் வைத்தோம். நோயியல் பேராசிரியர், கை உணர்ச்சியைப் பற்றி எங்களிடம் கேட்டறிந்த பிறகு, அதே திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியிலிருந்து இன்னும் ஆழமான வெட்டுகள் எடுக்கச் சொன்னார். அவற்றில் ஒன்றில், நரம்பிழையைச் சூழ்ந்து அரித்துக்கொண்டிருந்த கிரானுலோமாவை, அதாவது அழற்சி அணுக்களின் திரளை, எல்லோரும் கண்டோம். தொழுநோய். கூட்டு மருந்துச் சிகிச்சை அன்றே தொடங்கியது. அந்த அறிக்கையோடு அவரை அனுப்பியிருந்தால், விரல்கள் மடங்கிய பிறகுதான் திரும்பி வந்திருப்பார். மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கு அதன் பிறகு என்ன இருக்கிறது?

ஆகவேதான் கேட்கிறோம்: அந்த வகுப்பைத் திருப்பித் தாருங்கள்.

தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக 2005ஆம் ஆண்டின் இறுதியில் நாடு அறிவித்தது. இன்றும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக அந்நோய் கண்டறியப்படுகிறது. பொது மருத்துவர்கள் பலர் அதை மறந்துவிட்ட நிலையில், தோல் மருத்துவரும் தவறவிட்டால் பிறகு கண்டுபிடிக்க ஆளில்லை. லேசர் சிகிச்சை தேவையற்றது என்று நாங்கள் சொல்லவில்லை. அதனால் கிடைக்கும் வருமானம் நிர்வாகத்துக்கு முக்கியம் என்பதும் புரிகிறது. ஆனால், முடி அகற்ற வருபவர் மறுநாள் வரலாம். நாங்கள் இங்கே படிக்கும் மூன்றாண்டுகள் மறுபடி வரப்போவதில்லை. மருத்துவம் படித்துவிட்டு, இடம் கிடைக்கப் போட்டித் தேர்வெழுதி வந்தவர்களை இயந்திரத்தை இயக்கும் ஆட்களாக மட்டும் நடத்துவது எந்த வகையில் நியாயம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கடுமையாக ஏதும் எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். வியாழன் இயலாதெனில் வேறு எந்த நாளும் எங்களுக்குச் சம்மதமே, ஓ.பி. தொடங்கும் முன் காலை ஏழரை மணிக்கு வைத்தாலும் வந்துவிடுவோம். நோயியல் துறையிலிருந்து ஓர் ஆசிரியர், இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் மைக்ராஸ்கோப் ஒன்று, வேறு பணி எதற்கும் எங்களை அழைக்காத ஒரு மணி நேரம் ஆகியவை போதும். அடுத்த மாதப் பணிப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் முன், ஸ்லைடு வகுப்பை அதில் மீண்டும் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோல் நோய்த் துறை முதுநிலை மாணவர்கள்,
சென்னை